பவளக் காட்சித்தொட்டிகளில் நீரோட்டத்தின் வரலாறு

பவளக் காட்சித்தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றைச் சார்ந்து வாழும் மீன்களையும் கடல்நீரில் வைத்து வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். இத்தகைய தொட்டியில் ஒளி, வெப்பநிலை, உப்பளவு ஆகியவற்றுக்கு இணையாக இன்றியமையாதது நீரின் அசைவு. கடலில் காற்றும் அலையும் ஓதமும் இவ்வேலையைத் தாமே செய்கின்றன. தொட்டியில் அதனை மனிதர் செய்ய வேண்டியுள்ளது. கையால் நீரை ஊற்றுவதில் தொடங்கி, நீராவி விசை, காற்றுக்குமிழ், சாயும் வாளி, சுழலி விசையியக்கி என இம்முயற்சி ஏறத்தாழ 175 ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும், குறிப்பாகச் சென்னைக்கும் மண்டபத்திற்கும், ஓர் இடம் உண்டு.

பவளத்திற்கு ஓட்டம் ஏன் தேவை

பவளம் ஒரு விலங்கு. பாறையோடு ஒட்டி வாழும் இவ்வுயிரி உணவைத் தேடிச் செல்லவோ, தன் கழிவிலிருந்து விலகிச் செல்லவோ இயலாது. உணவும் ஆக்சிசனும் அதனிடம் வந்து சேர வேண்டும். கழிவும் சளியும் படியும் மண்ணும் அதனிடமிருந்து அகற்றப்பட வேண்டும். இவ்விரு வேலைகளையும் செய்வது ஓடும் நீரே.

எந்தப் பொருளின் மேற்பரப்பை ஒட்டியும் மிக மெல்லிய, ஏறத்தாழ அசையாத நீர்ப்படலம் ஒன்று உண்டு. இதனை எல்லைப்படலம் என்பர். வாயுக்களும் உப்புகளும் இப்படலத்தை மெதுவாக ஊடுருவித்தான் பவளத்தின் உடலை அடைய முடியும். வெளியே ஓட்டம் வலுவாக இருந்தால் படலம் மெலியும். நீர் தேங்கினால் தடிக்கும். பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிசனை வெளியிடுகின்றன. அவ்வேளையில் மிகுதியான ஆக்சிசன் வெளியேற வேண்டும். இரவில் நிலைமை தலைகீழாகிறது. பாசி, பவளம், மீன், நுண்ணுயிரி அனைத்தும் ஆக்சிசனைச் செலவிடுகின்றன. எனவே ஆக்சிசன் உள்ளே வர வேண்டும். இரு வேளைகளிலும் ஓட்டமே வழி திறக்கிறது.

அலை மிகுந்த வெளிவிளிம்பில்தான் பவளங்கள் செழித்து வளர்கின்றன என்பதைச் சார்லசு டார்வின் 1842 ஆம் ஆண்டில் வெளியிட்ட பவளப்பாறைகள் குறித்த நூலிலேயே எடுத்துக்காட்டினார். 1998 ஆம் ஆண்டில் உலகளவில் நிகழ்ந்த பவள வெளுப்புக்குப் பின், நாகமுரா, வான் வோசிக் என்னும் இரு ஆய்வாளர்கள் 2001 இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு உண்மையைச் சொன்னது. நீரோட்டம் மிகுந்த இடத்திலிருந்த பவளங்கள் வெப்பத்தைத் தாங்கிப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எனவே ஓட்டம் என்பது வளர்ச்சிக்கு மட்டுமன்றி உயிர் பிழைப்பதற்கும் உதவுகிறது.

கையால் ஆற்றப்பட்ட நீர்

வீட்டில் பவளம் வளர்த்தவர்களில் முதலாமவராகக் கருதப்படுபவர் இலண்டனைச் சேர்ந்த அன்னா தைன் என்னும் பெண்மணி. 1846 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊரில் கல்பவளங்கள் சிலவற்றைக் கண்டு, அவற்றைக் கடல்நீர் நிரம்பிய சாடியில் வைத்து இலண்டனுக்குக் கொண்டுவந்தார். வழியில் அவை உருண்டு சிதையாமலிருக்க, ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சில் அவற்றைத் தைத்து வைத்தார்.

இலண்டனில் புதிய கடல்நீர் நாள்தோறும் கிடைக்காது. இருந்த நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதற்காக அவர் கண்ட வழி எளியது. திறந்த சன்னலருகே நின்று, அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வரை, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. சூடான பாலை டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே ஆற்றுவதை நம் வீடுகளில் யாவரும் அறிவர். அங்கே ஆற்றுவது சூட்டைத் தணிக்க. இங்கே ஆற்றியது காற்றைக் கரைக்க. இவ்வேலையைச் செய்தவர் அவ்வீட்டின் பணிப்பெண். அவர் பெயர் பரவலாக நினைவுகூரப்படுவதில்லை. எனினும் பவளத் தொட்டியின் முதல் நீரியக்கி அவருடைய கைகளே. அப்பவளங்கள் பல மாதங்கள் உயிர்வாழ்ந்து இனப்பெருக்கமும் செய்தன.

அடுத்த சில ஆண்டுகளில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், நீர்த்தாவரங்களையும் விலங்குகளையும் ஒன்றாக வைத்தால் ஒன்றின் கழிவை மற்றொன்று பயன்படுத்திக்கொள்ளும் என்னும் சமநிலைக் கருத்தை முன்வைத்தார். 1853 இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1854 இல் பிலிப் என்றி காசு எழுதிய நூல் இப்பொழுதுபோக்கை வீடுதோறும் பரப்பியது. ஆனால் அசையாத நீரில் சமநிலை நீடிக்கவில்லை. செடி வாடினாலோ ஒரு மீன் இறந்தாலோ தொட்டி முழுவதும் நாறியது. 1860களில் இவ்விருப்பம் தணிந்தது.

அடித்தளத்தில் ஓர் இருட்டுத் தொட்டி

சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். கடல்வாழ் உயிரிகளை விற்கும் கடை நடத்திய இவர் பின்னர் காட்சியக வல்லுநரானார். காட்சித்தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அடித்தளத்தில் வெளிச்சம் படாமல் அமைத்து, அங்கிருந்து நீரை இடைவிடாமல் மேலேற்றி, காட்சித்தொட்டிகளின் வழியே மீண்டும் தேக்கத்தில் விழச் செய்வது இவரது முறை. இருட்டில் பாசி வளராது; நிலத்தடியில் வெப்பம் மாறாது; விழும் நீர் காற்றைக் கலந்துகொள்ளும். 1864 இல் செருமனியின் ஆம்பர்க்கிலும் 1871 இல் இலண்டன் கிரிசுடல் அரண்மனையிலும் இம்முறையில் காட்சியகங்கள் அமைந்தன. கிரிசுடல் அரண்மனையில் நீரை ஏற்றியது நீராவி விசை. 1874 இல் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் ஆன்டன் டோர்ன் திறந்த கடலாய்வு நிலையத்தின் காட்சியகத்திற்கும் லாயிட்டின் அறிவுரை பயன்பட்டது.

இன்று வீட்டுப் பவளத்தொட்டிகளின் கீழே அலமாரிக்குள் வைக்கப்படும் ‘சம்ப்’ என்னும் துணைத்தொட்டி, லாயிட்டின் இருட்டுத் தேக்கத்தின் சிறுவடிவமே. மேல்தொட்டியிலிருந்து வழிந்து இறங்கும் நீர் அங்கே வடிகட்டப்பட்டு, ‘ரிட்டர்ன் பம்ப்’ மூலம் திரும்ப மேலேறுகிறது.

சென்னையும் மண்டபமும்

இந்தியாவில் கடல்மீன் காட்சியகம் முதன்முதலில் சென்னையில் அமைந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்சுடன் இதற்கான திட்டத்தை முன்னெடுத்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தொகுதிகளால் பெரிதும் அறியப்படும் இவர், இராமேசுவரம் தீவின் கடலுயிரிகளைப் பற்றியும் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு பற்றியும் எழுதியவர். மெரினா கடற்கரையில் 1909 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்காட்சியகம் பின்னர் மீன்துறையின் பொறுப்பில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, சப்பானியத் தாக்குதல் பற்றிய அச்சம் சென்னையைச் சூழ்ந்த காலத்தில் மூடப்பட்டது.

மன்னார் வளைகுடாவில் ஆய்வுப் பணிகள் தனியே வளர்ந்தன. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் உயிரினங்கள் குறித்து 1927 இல் சென்னை அருங்காட்சியகம் விரிவான நூலொன்றை வெளியிட்டது. 1947 இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. 1971 இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறினாலும் மண்டபம் ஆய்வு மையமாகத் தொடர்கிறது. கோமாளி மீன் முதலான வண்ணக் கடல்மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் நுட்பம் இங்கு உருவாக்கப்பட்டவற்றுள் ஒன்று.

1969 சனவரியில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் மண்டபம் முகாமில் பவளங்கள், பவளப்பாறைகள் பற்றிய ஆய்வரங்கை நடத்தியது. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக இதுவே எண்ணப்படுகிறது. இரண்டாவது மாநாடு 1973 இல் ஆத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கப்பலில் நடந்தது. உலகின் பவள ஆய்வாளர்கள் ஒன்றுகூடும் மரபு இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொடங்கியது என்பதைத் தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் அறிவதில்லை.

சகார்த்தாவும் பெர்லினும்

வீட்டுத்தொட்டியில் வெப்பமண்டலப் பவளங்களை நீண்டநாள் வளர்க்க வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் இந்தோனேசியாவின் சகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிர்ப்புள்ள பாறைகளையும் கடல்நீரையும் எடுத்துவந்து, வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்து, ஒரு குழாய் வழியே காற்றுக்குமிழ்களை மட்டும் விட்டார். மேலெழும் குமிழ்கள் நீரையும் உடன் இழுத்துச் சென்று மெல்லிய சுழற்சியை உண்டாக்கின. 1961 இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் இவர் தம் முறையை விளக்கினார். பாறையின் நுண்துளைகளில் வாழும் நுண்ணுயிரிகளே வடிகட்டிகளாக இயங்கின என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

கடல் அருகிலில்லாத பெர்லின் நகர ஆர்வலர்கள் 1970களிலும் 1980களிலும் இம்முறைக்கு வேறு வடிவம் தந்தனர். உயிர்ப்பாறை, வலுவான விளக்கு, கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி, வலுவான நீரோட்டம் ஆகிய நான்கும் பெர்லின் முறையின் தூண்கள். காற்றுக்குமிழ் மட்டும் போதாது என்பது இக்காலத்தில் உணரப்பட்டது. நீரில் மூழ்கி இயங்கும் மின்விசையியக்கிகள் தொட்டிக்குள் இடம்பெற்றன. வளர்ப்போர் இவற்றைப் ‘பவர்ஹெட்’ என்கின்றனர்.

ஓட்டத்திலிருந்து அலைக்கு

பவர்ஹெட் நீரை ஒரே திசையில் குறுகிய தாரையாகப் பாய்ச்சியது. தாரைக்கு நேரே நின்ற பவளத்தின் திசு கிழிந்தது. பாறைக்குப் பின்னால் கழிவு குவிந்தது. கடலிலோ நீர் ஒருபுறமாக மட்டும் ஓடுவதில்லை. முன்னும் பின்னும் அசைகிறது, திசை மாறுகிறது, கலங்குகிறது. இதனைப் போலச்செய்யும் முயற்சிகளே அடுத்த கட்ட வரலாறு.

வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வால்ட்டர் அடே 1980 ஆம் ஆண்டு காட்சிக்கு வைத்த பவளத்திட்டு மாதிரியில் சாயும் வாளி பயன்பட்டது. மேலேயுள்ள வாளியில் நீர் நிரம்ப நிரம்ப எடை ஒருபக்கம் சாய்ந்து, வாளி கவிழ்ந்து, நீர் முழுவதும் அலையாகத் தொட்டியில் விழும். பின் வாளி தானே நிமிரும்.

அவாய்த் தீவுகளின் வைகீகி காட்சியகத்தைச் சேர்ந்த புரூசு கார்ல்சன் பெயரால் வழங்கும் முறையில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. உயரத்தில் வைத்த தொட்டியில் சிறு விசையியக்கி நீரை நிரப்புகிறது. அதனுள் தலைகீழ் ‘ப’ வடிவக் குழாய் ஒன்று உண்டு. நீர்மட்டம் குழாயின் வளைவைத் தாண்டியதும் சைஃபன் தொடங்கி, சேர்ந்த நீர் அனைத்தும் ஒரே வீச்சில் கீழே பாய்கிறது. மட்டம் குழாய்வாயை அடைந்ததும் காற்று புகுந்து ஓட்டம் அறுபடுகிறது. மீண்டும் நிரம்பத் தொடங்குகிறது. குழந்தைக் கண்ணனின் பாதத்தில் நீர் பட்டதும் கிண்ணம் தானே வடிந்துவிடும் வட இந்தியப் பித்தளை விளையாட்டுப் பொருளான ‘வாசுதேவ கிண்ணம்’ இயங்குவதும் இதே தத்துவத்தில்தான். பள்ளி மாணவர்கள் இரு நெகிழிப் புட்டிகளையும் ஒரு குழாயையும் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம்.

1987 இல் ஆத்திரேலியாவின் டவுன்சுவில் நகரில் திறக்கப்பட்ட பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் காட்சியகத்தில் அலையுண்டாக்கும் பொறி ஒன்றே அமைக்கப்பட்டது. வீட்டுத்தொட்டிகளுக்கான மாற்றம் 2000களில் வந்தது. அகன்ற சுழலி இதழ்களைக் கொண்ட விசையியக்கிகள் குறைந்த மின்சாரத்தில் பெருமளவு நீரை மென்மையாகத் தள்ளின. மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியிலும் சுழலியை உள்ளேயும் வைத்துக் காந்தத்தால் இணைக்கும் வகையும் வந்தது. இதனால் மோட்டாரின் சூடு நீரில் இறங்குவது குறைந்தது. ‘வேவ்மேக்கர்’ எனப்படும் இவற்றின் வேகத்தையும் நேரத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு விசையியக்கியைச் சரியான இடைவெளியில் நிறுத்தி நிறுத்தி இயக்கினால் தொட்டிநீர் முழுவதும் ஊசலாடத் தொடங்கும். ஊஞ்சல் திரும்பிவரும் நொடியில் தள்ளினால் சிறு விசையே போதுமானது போன்றது இது. 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. நீராழமும் உள்ள தொட்டியின் இயல்பான ஊசல் நேரம் ஏறத்தாழ 1.3 நொடி. இத்தாளத்தில் எழும் அலை அழகானது. ஆனால் கண்ணாடி இணைப்புகளில் தொடர்ந்து சுமை ஏறும் என்பதால் மிதமாகவே பயன்படுத்தப்படுகிறது.

எவ்வளவு ஓட்டம் என்பது பவளத்தின் வகையைப் பொறுத்தது. தொட்டியின் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் நகர்கிறது என்று கணக்கிடுவது வளர்ப்போர் வழக்கம். 200 லிட்டர் தொட்டியில் 20 மடங்கு என்றால் மணிக்கு 4,000 லிட்டர். மென்பவளங்களுக்கும் சதைப்பற்று மிகுந்த பெரிய பவளங்களுக்கும் மெல்லோட்டம் போதும். மான்கொம்புப் பவளம் போன்ற கிளைத்த கல்பவளங்கள் வலுவான, திசைமாறும் ஓட்டத்தை நாடும். எதிரெதிர்ச் சுவர்களில் இரு விசையியக்கிகளை வைத்து மாறி மாறி இயக்குவதும், மேற்பரப்பு எப்போதும் சிலிர்த்துக்கொண்டிருக்கச் செய்வதும் பொதுவான முறைகள். மேற்பரப்பு அசைந்தால்தான் காற்றும் நீரும் வாயுக்களைப் பரிமாறிக்கொள்ளும்.

உள்நாட்டு ஊர்களில்: பள்ளத்தூர் ஓர் எடுத்துக்காட்டு

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு வடக்கே, கானாடுகாத்தானை அடுத்துள்ள செட்டிநாட்டு ஊர் பள்ளத்தூர். இப்பகுதியின் நகரத்தார், கடற்கரைப் பட்டினமான பூம்புகாரிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்பது மரபுவழிச் செய்தி. இன்று அவ்வூருக்கும் பாக் நீரிணைக் கரைக்கும் இடையே 40 கி.மீ.க்கு மேல் தொலைவுண்டு. கூரைநீரை முற்றத்தில் சேர்த்ததும் ஊருணிகளைக் காத்ததும் இவ்வறண்ட நிலத்தின் நீர்ப்பண்பாடு. இத்தகைய ஊரில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர், சுத்திகரித்த நன்னீரில் செயற்கைக் கடலுப்புக் கலந்தே தொடங்க வேண்டும். கோடையில் ஆவியாவது நன்னீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்த அளவை ஈடுசெய்ய நன்னீரையே சேர்க்க வேண்டும்.

உப்பைவிடப் பெரிய சிக்கல் மின்தடை. வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்கு 6 முதல் 7 மில்லிகிராம் ஆக்சிசனே கரையும். 200 லிட்டர் தொட்டி முழுவதிலும் உள்ள ஆக்சிசன் ஏறத்தாழ 1.3 கிராம்தான். ஓட்டம் நின்றால் மேற்பரப்பில் புதிய காற்று கரைவது தளர்கிறது. அதுவும் இரவில் நின்றால் விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். 2012 ஆம் ஆண்டையொட்டிய மின்பற்றாக்குறைக் காலத்தில் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்தது. விசையியக்கியை மட்டுமே நம்பிய எந்தத் தொட்டிக்கும் அது கடினமான காலம். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றியக்கி, இன்வெர்ட்டர் இணைப்பு ஆகியவை இன்றும் அடிப்படைத் தேவைகளாகக் கருதப்படுகின்றன. எதுவும் இல்லாத வேளையில், செம்பால் மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றும் பழைய முறையும் பயன் தரும். 1846 இல் அப்பணிப்பெண் செய்தது அதுவே.

சட்டமும் கடலும்

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றைப் படிப்போர் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 ஆம் ஆண்டு பாறையுருவாக்கும் பவளங்கள், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவை சேர்க்கப்பட்டன. இந்தியக் கடல்களிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இறந்த பவளத்துண்டை நினைவுப்பொருளாக வாங்கி வருவதற்கும் இத்தடை பொருந்தும். ஆகவே இங்குள்ள கடல்நீர்த் தொட்டிகளில் செயற்கைப் பாறைகளும், குஞ்சுப்பண்ணையில் வளர்ந்த மீன்களும் இருப்பதே முறை. அவற்றுக்கும் நீரோட்டம் அதே அளவு தேவை.

இத்தடைக்குப் பின்னணியாக இருந்தது மன்னார் வளைகுடாவின் கசப்பான பாடம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் உள்ளன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் இத்திட்டுகளிலிருந்து பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. 1986 இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்குள் சேதம் நிகழ்ந்துவிட்டது. பவளத்திட்டு அலையின் விசையை முதலில் தாங்கி உடைக்கும் அரண். அந்த அரண் தகர்ந்த இடங்களில் அலை நேரே தீவின் மணலை அரித்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் பெரிதும் சுருங்கியது. அதனைக் காக்க, 2015 முதல் துளைகளுள்ள பெரிய காங்கிரீட் கட்டமைப்புகள் அதன் கடற்புறத்தில் இறக்கப்பட்டன. அலையின் விசையைக் குறைத்து மணல் தங்கச் செய்வதும், காலப்போக்கில் பவளமும் மீனும் குடியேற இடம் தருவதும் அவற்றின் நோக்கம்.

தொட்டியில் பவளத்திற்காக அலையை உண்டாக்க வேண்டியிருக்கிறது. கடலிலோ, அலையைத் தணிப்பதற்குப் பவளம் வேண்டியிருக்கிறது. அலை பவளத்தை வளர்க்கிறது. வளர்ந்த பவளம் அலையிடமிருந்து கரையைக் காக்கிறது. இவ்விரு வேலைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை விளக்க ஒரு சிறு கண்ணாடித் தொட்டியும் சைஃபன் குழாயும் போதும். பவளத்தின் ஒரு கிளையையும் கடலிலிருந்து ஒடிக்காமலேயே வகுப்பறையில் இதைக் காட்ட முடியும்.